சூடோமோனாஸ் மருந்தும் இல்லை, உரமும் இல்லை: நோயைத் தடுக்கும் பாக்டீரியா வேரில் என்னதான் செய்கிறது?

"சூடோமோனாஸ் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லாத விவசாயிகள் குறைவு. இன்னொரு பக்கம், அது ஒன்று இருந்தால் போதும், வேறு எதுவுமே வேண்டாம் என்று வீடியோ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பொட்டலங்களோடு ஒரே அலமாரியில் இருப்பதால் அதையும் ஒரு உயிர் உரம் என்று நினைத்து வாங்கிப் போகிறவர்கள் தனி. கொஞ்சம் படித்துவிட்டு வருகிறவர்கள் கேட்பது வேறு: "இந்த பாக்டீரியா ஆன்டிபயாடிக் சுரக்கிறதாமே, அப்படியென்றால் வயலில் ஆன்டிபயாடிக் தெளிப்பதும் இதுவும் ஒன்றுதானே?"

இந்தக் குழப்பங்கள் எல்லாமே ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. நோயை அடக்கும் பொருள் பொட்டலத்துக்குள் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சூடோமோனாஸ் பொட்டலத்தில் முக்கியமாக இருப்பது அந்தப் பொருளைத் தயாரிக்கத் தெரிந்த உயிர். பாக்டீரியாவை வளர்த்த திரவத்தோடு அந்தப் பொருளும் சிறிது வந்திருக்கலாம், ஆனால் அதை நம்பி யாரும் பொட்டலம் போடுவதில்லை. தயாரிப்பு நடக்க வேண்டிய இடம் உங்கள் பயிரின் வேர். இது ஒன்று புரிந்துவிட்டால் எப்போது போடுவது, எதோடு கலக்கக்கூடாது, ஏன் சில சமயம் கேட்கவில்லை என்பதெல்லாம் தானாகப் புரியும்.

உறை ஊற்றுவதிலிருந்து தொடங்கலாம்

ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு கரண்டி உறைமோர் ஊற்றுகிறோம். அந்த ஒரு கரண்டியில் இருக்கும் புளிப்பு முழுப் பாலையும் புளிக்க வைத்துவிடாது. அதில் இருக்கும் பாக்டீரியா பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று, ராத்திரி முழுக்கப் பெருகி, லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. தயிர் ஆவது அதனால்தான். பாலைக் கெடுக்கும் கிருமிகள் பலவற்றால் அந்தப் புளிப்பில் தலையெடுக்க முடியாது, அதனால் பால் கெட்டுப்போகும் வெக்கையில்கூடத் தயிர் தாக்குப்பிடிக்கிறது.

கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் உறையாது, பாக்டீரியா வெந்துவிடும். மார்கழிக் குளிரில் தாமதமாகும். ஏற்கெனவே திரிந்துபோன பாலில் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. இதெல்லாம் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்குத் தெரிந்த விஷயம், ஆனால் சூடோமோனாஸ் என்று வந்ததும் மறந்துவிடுகிறோம்.

வேரோரம் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். பாலுக்குப் பதில் வேரிலிருந்து கசியும் சத்துகள், அமிலத்துக்குப் பதில் ஆன்டிபயாடிக். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாலை நாம் முதலில் காய்ச்சிவிடுகிறோம், அங்கே போட்டிக்கு ஆள் கிடையாது. மண்ணைக் காய்ச்ச முடியாது. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கிறது. நாம் போட்டது அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து, இடம் பிடித்து, தின்று, பெருகினால்தான் அடுத்த வேலை. இந்த முறையின் கஷ்டம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஆன்டிபயாடிக் என்றால் என்ன?

ஒரு நுண்ணுயிர் தயாரித்து, மிகக் குறைந்த அளவிலேயே இன்னொரு நுண்ணுயிரின் வளர்ச்சியைத் தடுக்கிற அல்லது அதைக் கொல்கிற பொருள்தான் ஆன்டிபயாடிக். மாத்திரை வடிவில் மட்டும் பார்த்துப் பழகிவிட்டதால் அது தொழிற்சாலைச் சரக்கு என்று தோன்றுகிறது. ஆனால் இன்று மருத்துவமனையில் இருக்கும் ஆன்டிபயாடிக்குகளில் பல மண்ணிலிருந்து வந்தவை. காசநோயை முதன்முதலில் அடக்கிய ஸ்ட்ரெப்டோமைசினை 1943இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் கண்டுபிடித்தார். அதைத் தயாரித்தது ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற மண் பாக்டீரியா.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. மருத்துவமனை ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை அடக்குவதற்கானது. பயிருக்கு வரும் நோய்களில் பெரும்பகுதி பூஞ்சையாலோ பூஞ்சை போன்ற உயிர்களாலோ வருவது: நெல்லில் குலைநோய், இலையுறைக் கருகல், வாழையில் வாடல், நாற்றங்காலில் நாற்றழுகல், மஞ்சளில் கிழங்கு அழுகல். அதனால் இங்கே நமக்கு வேண்டியது பூஞ்சையைத் தாக்கும் பொருட்களைச் சுரக்கும் பாக்டீரியா. சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸும் பேசில்லஸ் சப்டிலிஸும் இந்த வேலைக்குப் பேர்போனவை.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம்: ஸ்ட்ரெயின். ஒரே பெயருள்ள பாக்டீரியாவுக்குள்ளேயே தனித்தனி வம்சங்கள் உண்டு, ஒவ்வொரு வம்சமும் ஒரு ஸ்ட்ரெயின். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற பெயரில் இருக்கும் ஒரு ஸ்ட்ரெயின் மூன்று விதமான ஆன்டிபயாடிக் தயாரிக்கும், இன்னொன்று ஒன்றுகூடத் தயாரிக்காது. "சூடோமோனாஸ் போட்டேன்" என்று மொட்டையாகச் சொன்னால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது.

வேரோரம் ஏன் அவ்வளவு முக்கியம்

வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மண்ணை ரைசோஸ்பியர் என்பார்கள். 1904இல் ஜெர்மனியின் லோரென்ஸ் ஹில்ட்னர் வைத்த பெயர். நாம் வேரோரம் என்றே சொல்லிக்கொள்வோம். இலையில் தயாரான சர்க்கரையில் ஒரு பங்கையும், அமினோ அமிலங்களையும் வேறு பல அமிலங்களையும் வேர் ஓயாமல் வெளியே கசியவிடுகிறது. மற்ற இடத்து மண்ணில் பட்டினி கிடக்கும் பாக்டீரியாவுக்கு இது பெரிய விருந்து, அதனால் வேரோரத்தில் கூட்டம் பல மடங்கு அதிகம்.

சிக்கல் என்னவென்றால் அந்தக் கசிவின் மணம் நோய்க்கிருமிக்கும் போகிறது. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியத்தின் வித்துகள் ஈர மண்ணில் நீந்தியே வேருக்கு வந்து சேரும். மண்ணில் தூங்கிக்கிடந்த வித்துகளும் விதை ஊறி முளைக்கத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். ஆக விதை முளைக்கும் அந்த முதல் சில நாட்களில் யார் வேரை முதலில் பிடிக்கிறார்கள் என்பதே பாதிக் கதையை முடிவு செய்துவிடுகிறது. விதை நேர்த்தியை வேளாண்மைத் துறையினர் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது இதனால்தான். அது சடங்கு இல்லை. விதையோடு ஒட்டிப்போன பாக்டீரியாவுக்கு வெளிவரும் வேர்நுனி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கிருமிக்கோ மண்ணைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நாம் போடுவது உயிருள்ள பாக்டீரியா, அது வேர்க்கசிவைத் தின்று வேரோரம் பெருகுகிறது, பெருகிய இடத்தில் ஆன்டிபயாடிக் சுரக்கிறது, அந்த ஆன்டிபயாடிக் பெரும்பாலும் பூஞ்சையைத் தாக்குகிறது. இனி, எப்படித் தாக்குகிறது என்று பார்ப்போம்.

பூஞ்சைக்கு என்ன ஆகிறது

ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் ஊட்டக் கூழ் ஊற்றி, ஒரு ஓரத்தில் பூஞ்சையையும் மறு ஓரத்தில் பாக்டீரியாவை ஒரு கோடாகவும் இழுத்து வைப்பார்கள். நாலைந்து நாளில் பூஞ்சை வெள்ளைப் பஞ்சு மாதிரி பரவி வரும், பாக்டீரியாக் கோட்டை நெருங்கியதும் சட்டென்று நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் எதுவுமே வளராத ஒரு தெளிவான பட்டை. பாக்டீரியா பூஞ்சையைத் தொடக்கூட இல்லை, அதிலிருந்து கூழில் பரவிய பொருள்தான் நிறுத்தியிருக்கிறது.

அந்தப் பொருட்களில் முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன். டி.ஏ.பி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படுவது பூஞ்சைச் செல்லின் சவ்வையும், செல்லுக்குள் சக்தி தயாராகும் அமைப்பையும் குலைக்கிறது. ஃபினசீன் என்ற குடும்பம் செல்லுக்குள் ஆக்சிஜனின் நச்சு வடிவங்களை உண்டாக்கிச் சேதப்படுத்துகிறது. பேசில்லஸ் சுரக்கும் இட்யூரின், ஃபெஞ்சைசின் போன்றவை பாதி கொழுப்பு, பாதி புரதத் துண்டு. கொழுப்புப் பகுதி பூஞ்சையின் சவ்வுக்குள் செருகிக்கொண்டு ஓட்டை போடும், உள்ளிருப்பது வெளியே கசிந்து இழை சுருண்டுவிடும்.

பிர்ரோல்நைட்ரின் என்று ஒன்று இருக்கிறது, 1964இல் ஜப்பானில் ஒரு சூடோமோனாஸிலிருந்து கிடைத்தது. வெயில் பட்டால் சிதைந்துவிடும் என்பதால் அதையே நேரடியாகப் பயிருக்கு அடிக்க முடியவில்லை. அதன் அமைப்பைப் பார்த்து, வெயில் தாங்கும்படி வேதியியலாளர்கள் மாற்றிச் செய்ததுதான் இன்று விதை நேர்த்திக்கு உலகம் முழுக்க விற்கும் ஃப்ளுடியாக்சோனில் என்ற பூஞ்சைக்கொல்லி. ரசாயனம் தனி உலகம், பாக்டீரியா தனி உலகம் என்று சண்டை போடுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

சரி, தட்டில் பூஞ்சை நின்றுவிட்டது. அதை வைத்தே மண்ணிலும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. தட்டில் ஊட்டம் கொட்டிக்கிடக்கிறது, போட்டியே இல்லை. ஆன்டிபயாடிக் தட்டில் மட்டும் சுரக்கலாம், வேரில் சுரக்காமலே போகலாம். இந்தச் சந்தேகம் பல ஆண்டுகள் தீராமல் இருந்தது. அதைத் தீர்த்தது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் புல்மன் ஊரில் லிண்டா தோமஷோவும் டேவிட் வெல்லரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு. கோதுமை வேரிலிருந்து எடுத்த 2-79 என்ற ஸ்ட்ரெயினில், ஃபினசீன் தயாரிக்கும் மரபணுவை மட்டும் முடக்கினார்கள். அந்த பாக்டீரியாவும் வேரில் இருந்தது, ஆனால் நோயை அடக்கும் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. முடங்கியதைச் சரிசெய்து திருப்பிக் கொடுத்ததும் திறனும் திரும்பி வந்தது. பிறகு அந்த வேரிலிருந்தே ஃபினசீனைப் பிரித்தும் எடுத்துக் காட்டினார்கள். கிடைத்த அளவு நானோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் அளவில். அவ்வளவு சிறிய அளவு போதுமானதாக இருந்ததற்குக் காரணம், அது சுரந்தது கிருமி நுழையும் இடத்திலேயே.

தானாகவே அடங்கிய ஒரு நோய்

கோதுமையில் டேக்-ஆல் என்று ஒரு வேர் நோய் உண்டு. வேர் கருத்துப்போய், கதிர் பால் பிடிக்காமல் வெளுத்துப் பதராகிவிடும். ஒரே நிலத்தில் வருடா வருடம் கோதுமையே போட்டால் இந்த நோய் ஏறிக்கொண்டே போகும், அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் அதற்கப்புறம். சில ஆண்டுகள் மோசமாக அடித்த பிறகும் விவசாயி விடாமல் கோதுமையே போட்டுவந்தால் ஒரு கட்டத்தில் நோய் தானாகவே இறங்கத் தொடங்குகிறது, கிருமி மண்ணில் இருந்தும் பயிர் தப்பிவிடுகிறது.

இப்படிப்பட்ட மண்ணை நோய் அடக்கும் மண் என்கிறார்கள். அதில் கொஞ்சம் எடுத்து, நோய் அடங்காத மண்ணில் கலந்தால் அந்த மண்ணுக்கும் அந்தக் குணம் வருகிறது. 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கலந்தால் வருவதில்லை. அப்படியானால் அது உப்போ சத்தோ இல்லை, உயிருள்ள ஏதோ ஒன்று. வாஷிங்டன் மாநில வயல்களில் தேடியபோது கிடைத்தது டி.ஏ.பி.ஜி. தயாரிக்கும் சூடோமோனாஸ். நோய் அடங்கிய வயல்களின் வேரில் அது ஏராளமாக இருந்தது, அடங்காத வயல்களில் அரிதாகவோ கண்ணில் படாமலோ இருந்தது.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த எண் இங்கிருந்து வந்ததுதான். ஜோஸ் ராய்மேக்கர்ஸும் வெல்லரும் 1998இல் காட்டியது: ஒரு கிராம் வேரில் இந்த பாக்டீரியா சுமார் ஒரு லட்சம் இருந்தால் நோய் அடங்குகிறது, அதற்குக் கீழே போனால் அடங்குவதில்லை. பாதி இருந்தால் பாதிப் பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஏன் இப்படி ஒரு வாசற்படி? ஒரு காரணம் எளிது, கொஞ்சம் பேர் சுரந்தால் கரைந்துபோகும். இன்னொன்று சுவையானது. பல சூடோமோனாஸ் ஸ்ட்ரெயின்கள் தனியாக இருக்கும்போது ஃபினசீன் போன்றவற்றைத் தயாரிப்பதே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சிறிய சமிக்ஞைப் பொருளை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கூட்டம் கூடக் கூட அந்தப் பொருளின் செறிவும் கூடும், ஒரு அளவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து தயாரிப்பைத் தொடங்கும். இதற்குக் கூட்டறிதல் என்று பெயர். செத்த பாக்டீரியா பாதி நிறைந்த பழைய பொட்டலத்தைப் போட்டுவிட்டு "கொஞ்சமாவது கேட்கும்" என்று காத்திருப்பது ஏன் வீண் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

நோய்க்கிருமி தானே விழுங்கும் விஷம்

இதுவரை பூஞ்சையைப் பற்றிப் பேசினோம். பாக்டீரியாவை பாக்டீரியா அடக்கும் அழகான உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. பாதாம், பீச், ரோஜா போன்றவற்றில் தண்டும் வேரும் சேரும் இடத்தில் கட்டி கட்டியாக வளரும் ஒரு நோய் உண்டு. அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா, செடியின் செல்லுக்குள் தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டைச் செருகிவிடும். செடி கட்டியாக வீங்குவதோடு, அந்தக் கிருமியால் மட்டும் தின்ன முடிகிற ஒரு சிறப்பு உணவையும் தயாரிக்கத் தொடங்கிவிடும். செடியையே தனக்குச் சமையல்காரியாக்கும் வித்தை.

அடிலெய்டில் ஆலன் கெர் 1970களில் கண்டெடுத்த கே84 என்ற பாக்டீரியா இதே குடும்பம், ஆனால் நோய் உண்டாக்காது. அது சுரக்கும் அக்ரோசின் 84 என்ற பொருள் பார்க்க அந்தச் சிறப்பு உணவு மாதிரியே இருக்கும். நோய்க்கிருமி உணவென்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது, உள்ளே போனதும் அது கிருமியின் புரதத் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. அந்த உணவை உள்ளிழுக்கும் வாசல் இல்லாத மற்ற பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆவதில்லை. நடுவதற்கு முன் நாற்றின் வேரை கே84 கரைசலில் முக்கி எடுத்தால் போதும். பொதுவாக எல்லாவற்றையும் கொல்லும் மருந்துகளோடு ஒப்பிட்டால் இந்தக் குறி தப்பாத தன்மை எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. அக்ரோசின் தயாரிக்கவும் அதிலிருந்து தப்பிக்கவும் தேவையான மரபணுக்கள் ஒரு சிறு வளைய டி.என்.ஏ.வில் இருந்தன, பாக்டீரியாக்கள் அத்தகைய வளையங்களை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும். நோய்க்கிருமி கையில் அது போய்ச் சேர்ந்தால் கதை முடிந்தது. அதனால் கெரும் சக ஆய்வாளர்களும் அந்த வளையத்தில் கைமாறுவதற்குத் தேவையான பகுதியை வெட்டி நீக்கி கே1026 என்ற ஸ்ட்ரெயினை உருவாக்கினார்கள், 1980களின் கடைசியில் அது விற்பனைக்கும் வந்தது.

அப்படியென்றால் வயலில் ஆன்டிபயாடிக் தெளிக்கலாமா?

தொடக்கத்தில் வந்த அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். நம் ஊர் மருந்துக் கடைகளில் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் 9-க்கு 1 என்று கலந்த பொடி நெடுங்காலமாக விற்று வந்தது, நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எலுமிச்சையில் சொறி நோய்க்கும் அடிப்பார்கள். அது சுத்திகரித்த ஆன்டிபயாடிக். இலை, மண், வாய்க்கால் என்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பரவி, எல்லா பாக்டீரியாவையும் நெருக்கும். தாக்குப்பிடிக்கும் ஒன்றிரண்டு மட்டும் பிழைத்துப் பெருகும். ஆப்பிள், பேரி மரங்களின் தீக்கருகல் நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் அடித்துவந்த கலிபோர்னியாவில், 1971இலேயே மருந்துக்கு அசையாத கிருமி வந்துவிட்டது. அதைவிடப் பெரிய கவலை, அதே மருந்துகள் மனிதருக்கும் வேண்டியவை. இந்தக் காரணத்தால் இந்த இரண்டையும் விவசாயத்தில் தடை செய்ய மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது.

உயிருள்ள பாக்டீரியாவைப் போடுவது இதிலிருந்து மூன்று விதத்தில் வேறு. சுரப்பு நானோகிராம் அளவில், வேரோரத்தோடு நிற்கிறது. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அதோடு ஆன்டிபயாடிக் மட்டுமே அதன் ஆயுதம் இல்லை: சூடோமோனாஸ் மண்ணில் இருக்கும் இரும்பைத் தனக்கென்று கவ்விக்கொள்ளும் பச்சை மஞ்சள் நிறப் பொருளைச் சுரந்து கிருமியை இரும்புப் பட்டினி போடுகிறது, வேரைத் தொட்ட கையோடு செடியின் சொந்தப் பாதுகாப்பையும் தூண்டிவிடுகிறது. இந்தக் கடைசி வேலைக்குத் தூண்டப்பட்ட எதிர்ப்புத்திறன் என்று பெயர். வேரில் பாக்டீரியா இருக்க, இலையில் நோய் குறைவதற்கு அதுதான் காரணம்.

எதிர்ப்பே வராது என்று சொல்லமாட்டேன். கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. வாடல் நோயை உண்டாக்கும் ஃபியூசேரியம் சுரக்கும் ஃபியூசாரிக் அமிலம், சூடோமோனாஸ் டி.ஏ.பி.ஜி. தயாரிப்பதையே அடக்கிவிடுகிறது. மண்ணுக்குள் நடப்பது இரு தரப்புக்கும் ஆயுதம் உள்ள சண்டை, அதனால்தான் ஒரு வயலில் நன்றாகக் கேட்டது பக்கத்து வயலில் சுமாராகப் போகிறது.

வயலில் இதற்கெல்லாம் என்ன அர்த்தம்

தமிழ்நாட்டில் இது பரவியதற்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே பி. வித்யாசேகரன் குழுவினர் சூடோமோனாஸை டால்க் பொடியில் கலந்து, கொண்டைக்கடலை வாடல் நோய்க்கு விதையோடு போடும் முறையை 1995இல் வெளியிட்டார்கள். பி.எஃப்.1 என்ற ஸ்ட்ரெயின் நெல்லுக்கும் மற்ற பயிர்களுக்கும் போனது. ஆய்வகத்தில் திரவத்தில் வளர்ந்த ஒன்றை விவசாயி பையில் வைத்துக் கொண்டுபோகும்படி செய்தது சின்ன வேலை இல்லை. சூடோமோனாஸுக்கு, காய்ந்தாலும் தாங்கும் கடினமான வித்து கிடையாது. பேசில்லஸுக்கு உண்டு, அதனால் பேசில்லஸ் பொட்டலம் நீண்ட நாள் தாங்கும். சில பேசில்லஸ் சரக்குகளில் அது சுரந்த ஆன்டிபயாடிக்கும் தயாராகவே கணிசமாக இருக்கும், அந்த வகையில் அவை நான் மேலே சொன்ன பொது விதிக்கு விலக்கு.

நெல்லுக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையைப் பாருங்கள். கிலோ விதைக்கு 10 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து இரவு முழுக்க ஊறவைத்து வடித்து முளைகட்ட வேண்டும். நடவின்போது ஹெக்டேருக்கு 2.5 கிலோ கணக்கில், வயலின் ஒரு மூலையில் 25 சதுர மீட்டர் இடத்தில் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி, பொடியைத் தூவிக் கலந்து, பறித்த நாற்றுகளை அதில் குறைந்தது அரை மணி நேரம் வைக்க வேண்டும். நட்ட 30 நாளில் இன்னொரு 2.5 கிலோவை 50 கிலோ தொழுவுரத்திலோ மணலிலோ கலந்து தூவ வேண்டும். 45 நாளுக்கு மேல் தேவைப்பட்டால் லிட்டருக்கு 2 கிராம் வீதம் இலைத் தெளிப்பு. வரிசையைக் கவனியுங்கள்: விதை, வேர், மண், கடைசியில்தான் இலை. நம்மில் பலர் செய்வது தலைகீழ், நோய் தெரிந்த பிறகு இலையில் அடித்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

வாழையில் வாடல் கண்ணுக்குத் தெரியும்போது பூஞ்சை தண்டுக்குள் நீர் ஏறும் குழாயை அடைத்திருக்கும். வெளியே வேரோரம் சுரக்கும் ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேராது. கன்று நடும்போதே கிழங்கில் பூசியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது, அந்த எதிர்பார்ப்போடு வாங்க வேண்டாம்.

எதோடு கலக்கக்கூடாது என்பது இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். தாமிரம் கலந்த மருந்துகள், பிளீச்சிங் பவுடர், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாமே பாக்டீரியாவைக் கொல்பவை. ஒரே டேங்கில் காப்பர் ஆக்சிகுளோரைடையும் சூடோமோனாஸையும் கலந்து அடித்தால் காசு கொடுத்து வாங்கியதை நாமே கொன்று தெளிக்கிறோம். இதே போல நோயை அடக்க விற்கும் இன்னொரு உயிரான டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சை என்பதால் அதற்குப் பகை கார்பென்டசிம் போன்ற பூஞ்சைக்கொல்லிகள். மண் ஈரமாக இருக்கும்போது, வெயில் இறங்கிய பிறகு போடுங்கள், காய்ந்த சூட்டு மண்ணில் தூவினால் பாக்டீரியா அன்றே போய்விடும். தொழுவுரத்தில் கலக்கச் சொல்வதும் இதற்குத்தான், ஈரமும் சாப்பாடும் கிடைத்தால் வேர் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: எந்த ஸ்ட்ரெயின், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள பாக்டீரியா (10 கோடிக்குக் குறையக்கூடாது), தயாரித்த தேதி. ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் தேதி புதிதாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இப்போது வேகமாகப் பரவிவரும் டிரம் முறை. ஒரு பொட்டலத்தை வெல்லத் தண்ணீரில் கலந்து மூடி வைத்தால் நாலு நாளில் ஆயிரம் மடங்காகும் என்கிறார்கள். சூடோமோனாஸ் வளர ஆக்சிஜன் வேண்டும், மூடிய டிரம்மில் அது கிடைக்காது. அங்கே நன்றாக வளர்வது காற்றில்லாமல் வாழத் தெரிந்த ஈஸ்டும் வேறு பாக்டீரியாக்களும்தான். நுரைத்துப் புளித்த வாசம் வருவதைப் பார்த்து சூடோமோனாஸ் பெருகிவிட்டது என்று நம்புகிறோம், அந்த வாசம் மற்றவற்றுடையது. இதில் ஆபத்தும் உண்டு. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்று ஒரு உறவு பாக்டீரியா மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது, அதுவும் ஃபினசீன் சுரக்கும், தட்டில் பார்த்தால் பூஞ்சையை ஜோராகத் தடுக்கும். ஆனால் அது மனிதருக்கு ஆறாத புண்ணையும் நுரையீரல் தொற்றையும் கொடுக்கக்கூடியது, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அசையாதது. ஃப்ளோரசன்ஸ் நம் உடல் சூட்டில் பெரும்பாலும் வளராது, ஏருஜினோசா நன்றாக வளரும். டிரம்மில் எது வளர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, அதனால் பரிசோதித்து வளர்த்த பாக்டீரியாவைப் பொட்டலமாகவே வாங்கி, தேதிக்குள் முழுவதையும் பயன்படுத்திவிடுங்கள்.